அப்பாவிடம் கேட்கலாம்

ஜூன் 8, ஞாயிறு

சாயர்புரத்து வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டு கிளாடிஸிடம் கொடுத்துவிட்டு, நேற்று மாலை தூத்துக்குடி வந்து சேர்ந்தேன். ரோஜாச் செடிக்கு மட்டும் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறேன்.

தம்பி ஜெபசிங் மார்ச் மாதம் எங்களை விட்டுப் போனான். அனல் மின் நிலையத்தில் வேலை. போனது வீட்டில்தான், காலைக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, நெஞ்சுவலி என்று சொல்லக்கூட நேரமில்லாமல். அவன் மனைவி மெர்லின் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இந்த மாதம் முழுவதும் அவளுக்கு இரவு ட்யூட்டி. ஏழாம் வகுப்புப் பிள்ளை பெனிட்டாவைத் தனியே விட்டுப் போக முடியாதல்லவா? "மைனி, ஒரு மாசம் வந்து இருக்கீங்களா?" என்று கேட்டாள். ரிட்டயரான டீச்சருக்கு வேறென்ன வேலை? வந்துவிட்டேன்.

காலையில் நானும் பெனிட்டாவும் கோயிலுக்குப் போய்வந்தோம். வந்ததும் வழக்கமான ஞாயிற்றுக்கிழமைப் போன். "நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது" என்று அந்தப் பெண் சொன்னாள். ளகரம் சுத்தம். யாரோ நல்ல டீச்சரிடம் படித்திருக்கிறாள்.

ஜூன் 9, திங்கள்

இன்று ஓர் அதிசயம் பார்த்தேன். அதை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

மெர்லின் ட்யூட்டிக்குப் போய்விட்டாள். பெனி சாப்பிட்டு முடித்து தன் டேப்லெட்டில் ஒரு மீன் படம் வரைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் நான் நாளைக்கு வேண்டிய வெண்டைக்காயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சுவர்க் கடிகாரம் ஒன்பது அடித்ததும், வரைந்துகொண்டிருந்த மீன் வாலில்லாமலே மறைந்தது. திரை முழுக்க நீலம். ஒரு சின்ன நிலா. அதற்குக் கீழே தமிழில் இரண்டு வரி:

உறங்கும் நேரம்.
கூடுதல் நேரம் வேண்டுமா? அப்பாவிடம் கேட்கலாம்.

என் கையில் இருந்த துணி அப்படியே நின்றது. பெனி பதறவில்லை. அடியில் இருந்த 'கேள்' என்ற பொத்தானை விரலால் ஒருமுறை தொட்டாள். கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டேபின் உறையை மூடினாள்.

"ஏட்டி, யாரு வச்சது இது?"

"அப்பாதான் அத்தை. அப்பா ஷிப்ட்டுக்குப் போயிருவாங்கல்லா, அங்க இருந்தே போன்ல பூட்டுவாங்க. அப்புறம் தினமும் தானா பூட்டுத மாதிரி வச்சுட்டாங்க. குட் நைட் அத்தை."

எட்டாம் வகுப்பில் இஸ்திரிப் பெட்டிப் பாடம் எடுப்பேன். சூடு ஏறியதும் உள்ளே உள்ள இரட்டை உலோகப் பட்டை வளைந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும். 'நீங்க பக்கத்துல நிக்கணும்னு அதுக்கு அவசியமே இல்ல, பாத்தீங்களா?' என்று பிள்ளைகளிடம் கேட்பேன். பிள்ளைகள் 'ஆ' என்று வாயைத் திறக்கும். எத்தனையோ வருஷம் அந்தப் பாடத்தை எடுத்திருக்கிறேன். பெட்டியைத்தான் நினைத்தேனே தவிர, சூட்டைத் திருகி வைத்துவிட்டு நகர்ந்துபோன கையை ஒருநாளும் நினைத்ததில்லை.

வெண்டைக்காய் பாதிதான் துடைத்தேன்.

ஜூன் 11, புதன்

பள்ளிக்கூடத்திலிருந்து செய்தி வந்திருக்கிறது. வீட்டுப்பாடமும் மாதத் தேர்வும் இனிப் புது செயலி ஒன்றில்தானாம். இந்த மாத முடிவுக்குள் எல்லாப் பிள்ளைகளும் அதை ஏற்றியிருக்க வேண்டும். பெனியின் டேபில் அதை ஏற்றப் பார்த்தோம். அதே நீலத் திரைதான் வந்தது. 'புதிய செயலிக்கு அப்பாவிடம் கேட்கலாம்.'

மத்தியானம் மெர்லின் தூங்கி எழுந்து வந்ததும் சொன்னேன். முகத்தைக் கழுவிக்கொண்டே கேட்டவள், துண்டை எடுக்க மறந்து நின்றாள்.

"அத மொத்தமா அழிச்சிருங்க மைனி. புதுசா ஒரு பிள்ளைக் கணக்கு போட்டு, பெரியவங்க இடத்துல உங்க பேரப் போட்டுக்கிடுங்க. பூட்டு நேரம், எது பாக்கலாம் பாக்கக் கூடாது எல்லாம் நீங்களே வச்சிருங்க."

"நானா? எனக்குப் பாட்டு கேக்க மட்டுந்தானம்மா தெரியும்."

"நீங்க டீச்சர்லா. படிச்சுக்கிடுவீங்க."

ஜூன் 12, வியாழன்

மெயின் ரோட்டில் போன் ரிப்பேர்க் கடை. நடத்துவது ரிஸ்வானா என்ற பெண். காதில் ஒரு போன், கையில் ஒரு போன், மேசைமேல் வயிறு பிளந்து கிடக்கும் போன்கள் பத்துப் பதினைந்து.

"இதுல பெரிய ஆளு யாரு டீச்சர்? கணக்குக்குச் சொல்லுதேன்."

"அவங்க அப்பா. அவன் இப்ப இல்ல."

கையிலிருந்த போனைக் கீழே வைத்தாள். "அல்லாஹ்," என்றாள் மெதுவாக. பிறகு விளக்கினாள். வழி இரண்டு. ஒன்று, அப்பாவின் போனைத் திறந்து, அதிலிருந்து அம்மாவை இரண்டாவது பெரியவராகச் சேர்ப்பது. மற்றது, டேபை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. ஜெபசிங்கின் போன் பீரோவுக்குள் அணைத்துவைத்தபடி இருக்கிறது. திறக்கும் எண் மெர்லினுக்குத் தெரியாது. "அவுக போனை நான் தொட்டதே இல்ல" என்று முன்பே சொல்லியிருந்தாள்.

"அப்ப அழிக்கதுதான். இல்லைன்னா புது டேப் ஒண்ணு வாங்கிருங்க, நல்ல ஆபர் ஓடுது."

வாங்கவில்லை. ஆனால் பெரியவர் ஆகவேண்டுமென்றால் எனக்கென்று சொந்தக் கணக்கு வேண்டுமாம். என் போனில் இருப்பது கிளாடிஸின் மகன் பெயரில் உள்ள கணக்கு. இது எனக்கே இன்றுதான் தெரியும்.

ஜூன் 13, வெள்ளி

இன்று நான் பன்னிரண்டு வயதுச் சிறுமியானேன்.

பெனி பள்ளிக்கூடம் போனதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பெயர் கேட்டது. தங்கபுஷ்பம் என்று போட்டேன். அடுத்த கட்டம் பிறந்த தேதி. என் கை, வேலை பார்த்த காலமெல்லாம் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிய கை. ஸ்காலர்ஷிப், பஸ் பாஸ், அரசுத் தேர்வு என்று எதுவாக இருந்தாலும், பிறந்த தேதிக் கட்டம் என்றால் அது பிள்ளையுடையதுதான். யோசிக்கவே இல்லை. பெனியின் தேதியைப் போட்டு, சரி, சரி, சரி என்று அழுத்திக்கொண்டே போனேன்.

அதற்குப் பிறகு என் போன் என்னிடம் பேசிய தோரணையே மாறிவிட்டது. நான் தினமும் கேட்கும் கீர்த்தனைகள் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு யானைக்குட்டி ஆடிக்கொண்டே எண்கள் சொன்னது. என்ன தொட்டாலும், 'உன் பெற்றோரை அழைத்து வா' என்றது. என் பெற்றோர் இருவரும் சாயர்புரம் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள்.

சாயங்காலம் பெனியிடம் காட்டினேன். பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள் நாற்காலியிலிருந்து வழிந்து தரைக்கே வந்துவிட்டாள்.

"அத்தை, நீங்க என் கிளாஸ்ல சேர்ந்துருங்க!"

"சும்மா கெட ஏட்டி."

"பாப்பா, ஒம்பது மணிக்கு மேல முழிச்சிருக்கக் கூடாது என்ன? பெரியவங்க யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்க பாப்பா."

மார்ச்சுக்குப் பிறகு அவள் இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. பெரியவளாவதற்கு ஆதார் அட்டையைப் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். மெதுவாக அனுப்பலாம் என்று விட்டுவிட்டேன். யானைக்குட்டியும் நன்றாகத்தான் ஆடுகிறது.

ஜூன் 14, சனி

மெர்லினுக்கு இன்று விடுப்பு. ஊளி மீன் வாங்கிக் குழம்பு வைத்தோம். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். ஆஸ்பத்திரியில் ஒரு தாத்தா ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் போன கதையை மெர்லின் நடித்தே காட்டினாள்.

ஒன்பது ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் எழுந்து மொட்டைமாடிக்குப் போனாள். நிலாத் திரை வந்தது. பெனி 'கேள்' தொட்டாள், பார்த்தாள், மூடினாள், படுக்கப் போனாள். மெர்லின் அதற்குப் பிறகுதான் இறங்கி வந்தாள்.

"துணி காஞ்சிருச்சான்னு பாத்தேன்."

துணியெல்லாம் நான் மாலையிலேயே எடுத்து மடித்து வைத்திருந்தேன். அவள் மடித்த துணியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

கோயில். பிறகு போன். அதே பெண்.

ஜூன் 17, செவ்வாய்

ஆதார் அனுப்பி மறுபடி பெரியவளானேன். ரிஸ்வானா வியாழக்கிழமை டேபைக் கொண்டுவரச் சொன்னாள். அவளோடு பேசியது பெனியின் காதில் விழுந்துவிட்டது. பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் அறைக் கதவில் போய் நின்றாள்.

"அத அழிக்கக் கூடாது."

மெர்லின் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். "ஏட்டி, புதுசா போட்டாலும் அதே ஒம்பது மணிதான் வைக்கப்போறோம். என்ன வித்தியாசம்?"

"இது அப்பா வச்சதுல்லா?"

"அப்ப பரிச்சை எழுத வேண்டாமா நீ? அந்த செயலி இல்லன்னா எப்படி எழுதுவ?"

"எழுதாம போறேன்."

"அறைஞ்சிருவேன் பாத்துக்கோ. தினமும் ஒம்பது மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேணும்னு கேக்கியே, யாரு தருவாங்கன்னு கேக்க? ஒனக்கு வெளையாடணும். அதுக்கு அப்பா பேரு."

பெனி கதவிலிருந்து நகர்ந்தாள். டேபை எடுத்துப் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்து, பையைத் தோளிலேயே மாட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள்.

மெர்லின் ட்யூட்டிக்குக் கிளம்பும்போது அடுப்படிக்கு வந்தாள். நான் சப்பாத்தி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். டப்பாவை மூடியபடி, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"இந்த மாசம் எனக்கு டே ட்யூட்டிதான் போட்டிருந்தாங்க மைனி. நான்தான் கேட்டு மாத்துனேன். ஒம்பது மணிக்கு என்னால வீட்ல இருக்க முடியல. அவுக பேரு வந்து நிக்குது. பின்னாலேயே அவுகளும் வந்துருவாகன்னு வாசலப் பாக்கேன். பைத்தியம் பிடிச்சிரும் போல இருக்கு."

இருவருக்கும் ஒரே காயம். ஒருத்திக்குக் கட்டைப் பிரிக்கக் கூடாது, ஒருத்திக்குப் பிரித்துக் காற்றுப்படச் செய்ய வேண்டும். நர்ஸான அவளிடம் இதற்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இன்னொரு சப்பாத்தி வைத்தேன்.

ஜூன் 19, வியாழன்

பள்ளிக்கூடம் விட்டதும் பெனியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டே வந்தாள். டேபை ரிஸ்வானாவிடம் கொடுத்தாள், ஆனால் கையை முழுதாக எடுக்கவில்லை. ஒரு ஓரம் அவள் விரலிலேயே இருந்தது.

"பாப்பா, படம் ஏதாச்சும் இருந்தா சொல்லு, எடுத்து வச்சிருதேன். மத்ததெல்லாம் போயிரும். அழிச்சிரவா டீச்சர்?"

நான் தலையை ஆட்டினேனா இல்லையா என்று எனக்கே தெரியாது.

"வேண்டாம்," என்றாள் பெனி. "அப்பா போன் நம்பர் எனக்குத் தெரியும்."

"அப்பா நம்பர் எனக்குந்தான் தெரியும்," என்றேன்.

"அது இல்ல அத்தை. போனைத் திறக்கிற நம்பர்."

ரிஸ்வானா டேபைக் கீழே வைத்தாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"எப்பத்துல இருந்து தெரியும்?"

"எப்பவுமே தெரியும். அப்பா எனக்கு முன்னாலதான் போடுவாங்க. மறைக்கவே மாட்டாங்க."

"அப்ப நீயே உள்ள போயி நேரத்தை மாத்தியிருக்கலாமே?" என்று ரிஸ்வானா கேட்டாள். "எம்மவன் அப்படித்தான் பண்ணுதான். நான் அஞ்சு தடவை மாத்திட்டேன் நம்பர."

"நானும் கேட்டேன் ஆன்ட்டி. 'அப்பா, எனக்கு நம்பர் தெரிஞ்சிட்டே, இப்ப என்ன செய்வீங்க?'ன்னு. 'தெரிஞ்சா என்னட்டி, நீ போடமாட்டல்லா?'ன்னாங்க."

"நீ போட்டியா?" என்றேன் நான்.

இல்லை என்று தலையை ஆட்டினாள். ரொம்பச் சாதாரணமாக. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்கிற மாதிரி.

இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று வழியில் கேட்டேன். சொன்னால் யாராவது உள்ளே போய் அப்பா வைத்ததை மாற்றிவிடுவார்கள் என்று பயமாம்.

ஒரு கடையில் நின்று சோடா குடித்தோம். ஆய்வகத்து அலமாரிச் சாவியை நான் இடுப்பில் முடிந்து வைத்திருப்பேன். காந்தமும் லென்ஸும் ஒன்றும் காணாமல் போகாமல் காப்பாற்றினேன். பெருமைதான். இந்தப் பயல், குடையைத் தொலைத்து, டிபன் பாக்ஸைத் தொலைத்து, ஒரு காலுக்கு மட்டும் செருப்போடு வீட்டுக்கு வந்த என் தம்பி, சாவியைப் பிள்ளையின் கண்முன்னாலேயே வைத்துவிட்டுப் பூட்டியிருக்கிறான். அப்புறம் போயே போய்விட்டான். பூட்டு அப்படியே இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

நேற்று மாலை நடந்ததை நேற்றே எழுத முடியவில்லை.

மெர்லின் பீரோவைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த போனை எடுத்தாள். அவனுடைய கைக்கடிகாரமும் அதோடு இருந்தது. சார்ஜ் ஏற வெகுநேரம் ஆனது. மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கரண்ட் இல்லாத நேரத்தில் ஃபேனைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ட்யூட்டிக்கு நேரமாகிறது என்று சொன்னேன். லீவு சொல்லிவிட்டேன் என்றாள்.

உயிர் வந்ததும் போன் துடிதுடித்தது. நெட்வொர்க் கிடைத்தவுடன் இத்தனை நாள் தவறிய அழைப்புகளெல்லாம் செய்தியாக வரிசையாய் வந்து விழுந்தன. பெனி படித்தாள்.

"இன்சூரன்ஸ்... பேங்க்... புஷ்பக்கா. புஷ்பக்கா. புஷ்பக்கா. அத்தை, இது நீங்கல்லா? ஏப்ரல்ல... மே மாசம்... போன ஞாயித்துக்கிழமை..."

"சிக்னல் சரியா இருக்கான்னு பாத்தேன்," என்றேன்.

மெர்லின் என்னைப் பார்த்தாள். மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்து மடித்த துணியைப் பார்த்தாளே, அதே பார்வை. அதைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

பெனி எண்ணைப் போட்டாள். என்ன எண் என்று நாங்கள் பார்க்கவில்லை. இருவரும் நாங்களாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

உள்ளே அவன் மகளுக்காக வைத்திருந்த பூட்டுகளெல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தன. பூட்டு என்று எழுதுகிறேன், வேறு வார்த்தை தெரியாமல். கிழமைக்கு ஒரு நேரம். எல்லா நாளும் ஒன்பது. புதனுக்கு மட்டும் கால்மணி கூடுதல். ஏன் என்றேன். புதன்கிழமை ஷிப்ட்டில் அப்பாவுக்கு டீ நேரம் ஒன்பதுக்குத்தான், அப்போது டேபில் கூப்பிட்டுப் பேசுவார்கள் என்றாள் பெனி. சனிக்கிழமை முன்பெல்லாம் இன்னும் தள்ளி இருக்குமாம். அன்று எல்லோரும் சேர்ந்து படம் பார்ப்பார்களாம். அப்படியானால் போன சனிக்கிழமை ஏன் ஒன்பதுக்கே பூட்டியது என்று கேட்டேன். மார்ச் முழு ஆண்டுப் பரீட்சைக்காகச் சனியை ஒன்பதாகக் குறைத்திருந்தாராம். பரீட்சை முடிந்ததும் கூட்டுவதாகச் சொல்லியிருந்தாராம்.

அந்த ஒரு கட்டத்தில்தான் மெர்லினின் விரல் கொஞ்சநேரம் நின்றது.

பெனிக்கு அனுமதித்த விளையாட்டுகள் எல்லாம் இவன் போனிலும் இருந்தன, ஒவ்வொன்றும் பாதி ஆடியபடி. "அப்பா முதல்ல வெளையாடிப் பாத்துட்டுத்தான் எனக்கு விடுவாங்க. இதுல மட்டும் என்னை ஜெயிக்க முடியாம மூணாவது கட்டத்துலயே நிக்காங்க பாருங்க," என்றாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கும்முன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்ப்பார்களே, அப்படி. கொதிக்கும் கொதிகலன்களுக்கு நடுவில், கிடைத்த இடைவேளையில், பெரிய மீசை வைத்த ஒரு மனிதன் பலூன் உடைத்துக்கொண்டிருந்திருக்கிறான், மகளுக்கு அது சுடுமா என்று பார்க்க.

எது பூட்டினாலும் திறந்தே இருக்க வேண்டியவை என்று தனியாக ஓரிடம். டேப் உறங்கும்போதும் பெனி கூப்பிடக்கூடிய எண்கள் அவை. அம்மா. அப்பா. மூன்றாவது, புஷ்பக்கா.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். அதேதான் இருந்தது.

கடைசியாக, பதில் சொல்லாமல் கிடக்கும் வேண்டுகோள்கள். 'பெனிட்டா கூடுதல் நேரம் கேட்கிறாள்.' அதற்குக் கீழே அதே வரி. அதற்குக் கீழேயும் அதே. மெர்லின் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் 'அனுமதி', 'மறு' என்று இரண்டு பொத்தான்.

"திறக்குற நம்பர்தான் தெரியும்லாட்டி உனக்கு," என்றாள் மெர்லின். "பின்ன எதுக்கு இப்படிக் கேட்டுக்கிட்டே இருந்த?"

"கேட்டா அப்பாவுக்குப் போகும்லா," என்றாள் பெனி.

மெர்லின் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மடிக்கு அடங்காத பிள்ளை; கால் இரண்டும் வெளியே கிடந்தன. நான் போய்க் காப்பி போட்டேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை.

ஜூன் 21, சனி

மெர்லினை இரண்டாவது பெரியவராகச் சேர்த்தாயிற்று. ஜெபசிங்கின் போன் அனுமதி கேட்டது, மெர்லினின் போன் ஒப்புக்கொண்டது. மகளுக்கு எந்தப் பெயரில் தெரிய வேண்டும் என்று கேட்டபோது 'அம்மா' என்று போட்டாள். பிறந்த தேதியை நான் பக்கத்தில் நின்று சரிபார்த்தேன். பெனி என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பாப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது அம்மா, தள்ளி நிக்கச் சொல்லுங்க."

பள்ளிக்கூடச் செயலிக்கு மெர்லின் அனுமதி கொடுத்தாள். ஒரு நொடி. அவ்வளவுதான் வேலை.

பழைய வேண்டுகோள்களில் கைவைக்க வேண்டாம் என்று பெனி சொன்னாள். "அதெல்லாம் அப்பாவுக்குப் போட்டது." மெர்லின் வைக்கவில்லை. கிழமை நேரங்களிலும் ஒன்றே ஒன்றைத்தான் மாற்றினாள். சனிக்கிழமையைப் பழையபடி தள்ளி வைத்தாள். "அவுக சொன்னதுதான்," என்றாள்.

படம் பார்த்தோம். நான் நடுவிலேயே தூங்கிவிட்டேனாம். நேரம் முடிந்து நிலாத் திரை வந்தபோது எழுப்பிக் காட்டினார்கள். மெர்லின் மாடிக்குப் போகவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

உறங்கும் நேரம்.
கூடுதல் நேரம் வேண்டுமா? அப்பாவிடமோ அம்மாவிடமோ கேட்கலாம்.

மெர்லின் அந்த வரியை வாய்விட்டு, எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைபோல ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

ஜூன் 22, ஞாயிறு

கோயில். நல்ல வெயில். இன்று போன் செய்யவில்லை. தம்பியின் போன் இப்போது ஹாலில் கடிகாரத்துக்குக் கீழே சார்ஜில் இருக்கிறது. நான் அதற்கு எதிரே உட்கார்ந்து கொத்தவரங்காய் ஆய்ந்தேன்.

ஜூன் 23, திங்கள்

மெர்லின் ட்யூட்டிக்குப் போயிருந்தாள். ஒன்பது அடித்தது. நிலா வந்தது. பெனி 'கேள்' தொட்டாள். ஹாலில் ஜெபசிங்கின் போன் ஒருமுறை வெளிச்சம் காட்டி அணைந்தது. இவள் வழக்கம்போலக் கொஞ்சநேரம் பார்த்தாள், உறையில் கைவைத்தாள்.

அப்போது டேப் 'டிங்' என்றது.

அந்தச் சத்தத்தை அவள் மார்ச்சுக்குப் பிறகு கேட்டதில்லை. உறையிலிருந்து கையை எடுத்தாள். குனிந்து படித்தாள். அடுத்த கணம் வீடே அதிர ஓடிவந்தாள்.

"அத்தை! அத்தை! முடியாதுன்னுட்டாங்க!"

"யாருட்டி?"

"அம்மா! 'மறுக்கப்பட்டது'ன்னு வந்துருக்கு! பாருங்க, பாருங்க! முடியாதாம்!"

இல்லை என்ற பதிலுக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட பிள்ளையை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. நூற்றுக்கு நூறு வாங்கிய விடைத்தாளைக் காட்டுவதுபோல டேபை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு குதித்தாள். ஏதோ ஒரு வார்டில், இரண்டு கட்டில்களுக்கு நடுவே நின்று, கையுறையைக் கழற்றிவிட்டு ஒருத்தி விரலால் ஒரு பொத்தானைத் தொட்டிருக்கிறாள். இங்கே ஒரு பிள்ளைக்குப் பதில் வந்துவிட்டது.

"சரி, போய்ப் படு. முடியாதுன்னுட்டாங்கல்லா," என்றேன்.

"படுக்கேன், படுக்கேன்," என்று பாடிக்கொண்டே போனாள்.

ஜூன் 27, வெள்ளி

மெர்லின் டே ட்யூட்டி கேட்டு வாங்கிவிட்டாள். "இனி ஒம்பது மணிக்கு நான் இருக்கணும் மைனி, இவ தொல்லை தாங்கல. நேத்து ஊசி போட்டுக்கிட்டு இருக்கேன், கேக்கா," என்றாள். சொல்லும்போது சிரிப்பு வந்தது அவளுக்கு. நாளை ஊருக்குக் கிளம்புகிறேன். இரண்டு பாக்கெட் மக்ரூன் வாங்கிவைத்திருக்கிறாள், ஒன்று கிளாடிஸுக்காம்.

ஜூன் 29, ஞாயிறு. சாயர்புரம்

ரோஜா பிழைத்திருக்கிறது. கிளாடிஸ் தண்ணீரை ஊற்றோ ஊற்றென்று ஊற்றியிருக்கிறாள்.

ஆராதனை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றி, நாற்காலியில் உட்கார்ந்ததும் கை தானாகப் போனுக்குப் போனது. எண்ணைத் தேட வேண்டியதில்லை. காதில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் குரலுக்காகக் காத்திருந்தேன்.

அவள் பேசவில்லை. மணி அடித்தது.

எனக்கு மறந்தே போயிருந்தது. அங்கே ஹாலில், கடிகாரத்துக்குக் கீழே, திரையில் என் பெயர் எழுந்து நின்றிருக்கும். மறுபடி அடித்தது. வைத்துவிடலாமா என்று நினைப்பதற்குள் யாரோ ஓடிவரும் சத்தம்.

"சொல்லுங்க அத்தை!"

எதற்குக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. மார்ச்சுக்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து ஒரு குரல். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்லட்டி," என்றேன். "சிக்னல் இருக்கான்னு பாத்தேன்."

பெனி மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்:

"நல்லா இருக்கு அத்தை. அடுத்த வாரமும் பாருங்க."